வலிக்காத காலுக்கு வைத்தியம்

இன்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் வலது முழங்காலுக்கு பிசியோதெரபி. அடுத்த வாரம் நாற்றுப் பறிக்க வேண்டும். கால் மடங்காவிட்டால் சேற்றில் இறங்க முடியாது.

சிகிச்சை தரப் புதிதாக வந்த தம்பி பெரிய படிப்பாளி. எக்ஸ்ரேயைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார். என்னைப் பார்க்க நேரமில்லை.

சுவரில் "நோயாளி சொல்வதைக் கேட்போம்" என்றிருந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். என்ன சந்தோஷம்! திரும்பினால் இடது காலில் கரண்ட் மெஷின்.

"நைனா, வலி வலது கால்ல."

"இன்னா தாத்தா, முன்னாடியே சொல்றதில்ல?"

"நீ கேட்டியா?"

"சரி, வச்சது வச்சாச்சு. இன்னிக்கி இது ஓடட்டும். வலதுக்கு நாளைக்கி வாங்க."

இடது கால் இப்போது அருமையாக மடங்குகிறது. ஒற்றைக் காலை மட்டும் மடக்கி நாற்றுப் பறிக்கத் தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லித் தாருங்கள்.