தாய் என்று நான் காட்டிய நாய்

நான் அஜ்மானுக்கு வந்தது பேரீச்சை மரத்துக்குத் தண்ணீர் விட. விசாவில் அப்படித்தான் இருந்தது. வந்து பார்த்தால் முதலாளியின் தோட்டத்தில் மரம் பதினொன்று, நாய் நாற்பது. எல்லாம் ஒரு கையில் அடங்குகிற சின்னச் சாதி நாய்கள். ஊரில் மாட்டுச்சாணி அள்ளிக்கொண்டிருந்தவன், விமானம் ஏறி வந்து நாய்ப்பீ அள்ளினேன். வீட்டில் கேட்டால் தோட்ட வேலை என்பேன். வேறென்னத்தைச் சொல்ல?

குட்டி வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் மொபைலில் படித்துவிட்டு வருகிறார்கள். தாயைப் பார்க்காமல் வாங்காதே, நாய் படுக்கிற இடத்தைப் பார், ஊசி போட்ட புத்தகத்தைக் கேள் என்று அதில் போட்டிருக்கிறதாம். எங்கள் முதலாளி அதையெல்லாம் அவர்களுக்கு முன்னாலேயே படித்தவர். முன் ஹாலில் ஏசி போட்டு ஒரு வெள்ளைப் பொமரேனியனை வைத்திருந்தார். அதற்குக் கருப்பையை எப்பவோ எடுத்தாச்சு. குட்டி என்று ஒன்றைப் போட்டதே கிடையாது. ஆனால் எந்த வெள்ளைக் குட்டியை விற்றாலும் அதுதான் தாய். வாரம் இரண்டு தடவை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவது என் வேலை.

பெற்ற தாய்கள் பின்னால் ஒரு கண்டெய்னரில் கிடந்தன. மூச்சு விடாமல் குட்டி போட்டு, முடி கொட்டி, மடி தொங்கி, சோற்றைக் கொண்டுபோய் வைத்தாலும் எழுந்திருக்காமல் கண்ணை மட்டும் திருப்பும். கண்டெய்னர் சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை ஷார்ஜாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கூட எட்டு வயது மகள். கையில் ஒரு தாள், அதில் கேள்விகள். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை என்றாலும் அவள் கேட்டதெல்லாம் புரிந்தது. குட்டியின் காதை முகர்ந்தாள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், இது எட்டு வாரக் குட்டி மாதிரி இல்லையே என்றாள். வெள்ளை நாயைப் புரட்டி வயிற்றைத் தடவினாள். பால் கொடுத்த வயிறா இது என்று முதலாளியிடம் கேட்டாள். பால் மறந்து நாளாச்சு என்றார் அவர். பின்னால் போய்ப் பார்க்கலாமா என்றாள். மருந்து அடித்திருக்கிறது, இன்றைக்கு முடியாது என்றார். அவள் தாளை மடித்து, மகளின் கையைப் பிடித்து எழுந்துவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி. போயிரு தாயி, தப்பிச்சே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குட்டியோடு பிறந்ததில் இரண்டு அந்த வாரம்தான் ரத்தமாகப் போய்ச் செத்திருந்தன. நான்தான் குழி தோண்டினேன்.

அந்த நேரம் பார்த்துக் குட்டி மேஜை நுனிக்கு ஓடியது. "ஏய், விழுந்து தொலைக்காதே கழுதை" என்று பிடித்தேன். வாயை மூடிக்கொண்டு பிடித்திருக்கலாம்.

அவள் சட்டென்று திரும்பினாள். "அண்ணே, தமிழா? எந்த ஊரு?"

"சிவகங்கைப் பக்கம்மா."

"அய்யோ, எங்க அம்மாவுக்கு மானாமதுரை!" முகமே மாறிவிட்டது அவளுக்கு. தாள் கைப்பைக்குள் போய்விட்டது. "அந்த ஆளு சொல்றதை விடுங்க. நீங்க சொல்லுங்கண்ணே. இதான் தாயா? நம்பி வாங்கலாமா?"

முதலாளிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. சிரித்த முகத்தோடேயே 'வேண்டாம்மா, போயிருங்க' என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் என்னோடு பேசிவிட்டு அவள் வெறுங்கையோடு போனால்? அடுத்த மாதம் லீவு தருவதாகச் சொல்லியிருந்தார், பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருந்தது. என் மகளுக்கு இரண்டரை வயது, நான் அவளைத் தூக்கினதே இல்லை. முதலாளி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, இதான் தாய். நான்தானே சோறு வைக்கிறேன். தைரியமா எடுத்துட்டுப் போங்க."

'தைரியமா' என்பதை எதற்குச் சேர்த்தேன்? அந்த வார்த்தையை யார் கேட்டார்கள் என்னிடம்?

போகும்போது அந்தச் சின்னப்பிள்ளை, "அங்கிள், பேபியோட போட்டோ அனுப்பறேன், அதோட அம்மாகிட்ட காட்டுங்க" என்று என் நம்பரை வாங்கிக்கொண்டது. முதல் நாள் கழுத்தில் ரிப்பனோடு போட்டோ வந்தது. இரண்டாம் நாள் தூங்குகிற போட்டோ. மூன்றாம் நாளும் தூங்குகிற போட்டோ. டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்று உடனே வாய்ஸ் அனுப்பினேன். கொண்டுபோயிருந்தார்கள். ஊசி போட்டு, பிழைப்பது கஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

ஐந்தாம் நாள் காலை இரண்டு பேரும் வந்து நின்றார்கள். குட்டி ஒரு துண்டுக்குள் இருந்தது. அம்மா பக்கத்தில் ஒரு மணி நேரம் படுக்கவைத்தால் எழுந்துவிடும் என்று பிள்ளை அழுது அடம் பிடித்ததாம். முதலாளி வாசலில் வந்து நின்றுகொண்டார்.

பிள்ளை துண்டை விரித்து, குட்டியை வெள்ளை நாயின் பக்கத்தில் வைத்தது. வெள்ளை நாய் முகர்ந்து பார்த்தது. பல்லைக் காட்டி உறுமியது. எழுந்து போய் அடுத்த மூலையில் படுத்துக்கொண்டது.

"அங்கிள்," என்றது பிள்ளை, "அம்மாவுக்கு ஏன் பேபியைத் தெரியலை?"

அந்தப் பெண் நாயைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குட்டி தலையைத் தூக்கி எதையோ தேடியது. அதைப் பெற்றது சுவருக்கு அந்தப் பக்கம் இருபது அடியில் கிடந்தது. போய்த் திறக்க ஒரு நிமிஷம் ஆகாது. நான் முதலாளியைப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவள் குட்டியைத் துண்டோடு வாரி எடுத்துக்கொண்டாள். கதவருகே நின்று, "நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.