அண்ணன் மஞ்சக் கடுதாசி கொடுத்த வருஷம் என் வயல் நட்ட கதை

வேளாங்கண்ணி மாதாவின் பிள்ளைகளே, என் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கடன்காரி என்ற பேர் என் தலையில் விழுந்தது. நான் ஒரு பைசா கடன் வாங்கவில்லை! வாங்கியவர் என் அண்ணன்.

பண்ணைகளோடு நடந்த கூலிச் சண்டையெல்லாம் ஓய்ந்து, வயல் கூலிகளான எங்கள் தெருக்காரர்களுக்கு சர்க்கார் பட்டா கொடுத்திருந்த காலம். எனக்கும் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பொம்பளை தனியாக பேங்குக்கு அலையக்கூடாது என்று அண்ணன் தன் பேரையும் என் பேரையும் சேர்த்துக் கணக்குத் திறந்தார். பிறகு உரக்கடை வைத்தார், நொடித்துப்போனார். கடனைக் கட்ட வழியில்லாமல் கோர்ட்டில் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார்.

உடனே பேங்கில் என் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். பயிர்க்கடன் கேட்டேன். "உங்க அண்ணன் திவால். நீங்க கூட்டுக் கணக்கு. எதை நம்பிம்மா குடுக்கறது?" என்றார்கள். கடைத்தெருவில் உரம் கடன் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகை இருக்கிறதே! மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சண்டையே போட்டேன். "நாத்து பாழாப் போனா நான் மறுபடியும் அடுத்தவங்க வயலுக்குத்தான் போகணும். உனக்குச் சம்மதமா, சொல்லு!"

மறுநாள் காலையில், என்னோடு நடவுக்குப் போகும் பெண்கள் திமுதிமுவென்று என் வயலில் இறங்கிவிட்டார்கள். கூலிக்கு எங்கே போவேன் என்று பதறினேன். "அறுப்புல நெல்லாக் குடு மேரியக்கா. இப்ப வாய மூடிக்கிட்டு நாத்தை எடுத்துப் போடு" என்றாள் பாக்கியம்.

பாதி நடவில், பேங்குக்குப் புதிதாக வந்திருந்த ஆபீசர் ஒருவர் வரப்பில் நடந்து வந்தார். இது அண்ணன் நிலமா என்று பார்க்க வந்தவராம். நான் நாற்றைப் போட்டுவிட்டு வரப்பேறப் போனேன். ஆனால் நடவு வயலுக்குப் புதியவர் யார் வந்தாலும் எங்கள் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். காலடியில் நாற்றுமுடியைப் போட்டு மறித்து, குலவை போட்டுக் காசு கேட்பார்கள். கலெக்டரே வந்தாலும் அப்படித்தான். அவர் அசடு வழியச் சட்டைப்பையைத் துழாவினார்.

"காசு வேணாம் சார். எங்க அக்காவோட நல்ல பேரைத் திருப்பிக் குடுங்க. அண்ணன் பட்ட கடனுக்கு இவங்களை ஏன் கடன்காரி ஆக்குனீங்க?" என்றாள் பாக்கியம்.

அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட்டீங்களாம்மா? ஜாமீன் நின்னீங்களா?"

"இல்லீங்க. சேமிப்புக் கணக்குல மட்டுந்தாங்க போட்டேன்."

"அப்ப அந்தக் கடனுக்கு நீங்க பொறுப்பில்ல. கணக்குல உங்க பணம் எதுன்னு காட்டுங்க, விடுவிக்கச் சொல்லி நானே எழுதறேன். நாளைக்கு வாங்க."

குலவை பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். நான் சேற்றிலேயே முழங்கால் போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

சொன்னபடியே செய்தார், புண்ணியவான். என் பணம் வந்தது, பயிர்க்கடன் வந்தது. இப்போது என் பேரில் தனிக் கணக்கு. அறுப்பு முடிந்ததும் நடவுப் பெண்களுக்கு நெல் அளந்த பிறகுதான் என் வீட்டுக்கு மூட்டை ஏறியது.

அண்ணன் மட்டும் வெட்கப்பட்டு என் வாசலை மிதிக்கவில்லை. புது அரிசியில் சோறாக்கிவிட்டு நானே போய் நின்றேன். "வாண்ணே, சோறு ஆறிப்போவுது" என்றேன். அழுதுகொண்டே வந்தார்.

இன்னொருவர் பட்ட கடனுக்கு நீங்கள் தலைகுனிந்து நிற்கிறீர்களா? மாதாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். கிடைக்கும். கிடைத்ததும், யாரால் கெட்டோமோ அவருக்கும் ஓர் இலை போடுங்கள்.