முந்திரிக் கை என்று நினைத்தோம்

மலத்தில் ரத்தம் தெரிந்த அன்று நான் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு வந்து மறுபடியும் அடுப்பருகில் நின்றேன். மூலமாக இருக்கும், உடம்புச் சூடு, மோர் குடித்தால் அடங்கிவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஆண்டிமடம் பக்கத்தில் சூடு என்ற ஒரு சொல்லுக்குள் எல்லா நோயையும் அடக்கிவிடுவோம். நோயாளி என்றால் உட்கார வேண்டும். எனக்கோ ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மோரைக் குடித்தே சில மாதங்களைத் தள்ளினேன்.

கொட்டை மூட்டையை நகர்த்தினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. என் கணவர் சேகர் ஒரு நாள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"வெள்ளவெளேர்னு இருக்கு. ரத்தமே இல்லடி ஒனக்கு. கெளம்பு."

ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பிறகு பயாப்ஸி (சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதிப்பது). முடிவு வாங்கப் போன அன்று அந்த வராந்தாவில் எத்தனை தடவை நடந்திருப்பேனோ, துப்புரவு செய்கிற அம்மா ஈரம் காயட்டும், ஒரு பக்கமாக உட்காருங்கள் என்று திட்டிவிட்டார்.

பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துக் குடலை இணைத்தார்கள். பக்கத்தில் இருந்த நிணநீர்க் கணுக்கள் (நெறி கட்டும்போது வீங்குகிற சிறு முடிச்சுகள்) சிலவற்றிலும் நோய் எட்டிப் பார்த்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் எங்காவது தங்கியிருக்கலாம், அதற்கு மருந்து வேண்டும் என்றார்கள். ஊசி, பாட்டில், முடி கொட்டுதல் எல்லாவற்றுக்கும் மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். டாக்டரம்மா மாத்திரை என்றார். நம்பவே முடியவில்லை.

அவர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. ஒரு வெள்ளைத் தாளில் குடலையும் ஈரலையும் வரைந்து காட்டினார். இந்த மாத்திரையின் பெயர் கேபெசிடபின். விழுங்கும்போது இது முழு மருந்தாக இருப்பதில்லை. குடல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து, ஈரலில் கொஞ்சம் மாறி, கடைசி மாற்றம் நடக்கும்போதுதான் மருந்தாகிறது. அந்த மாற்றத்தைச் செய்கிற நொதி (உடலுக்குள் பொருள்களை மாற்றும் புரதம்) புற்றணுக்களில் அதிகம். அதனால் மருந்தின் வேலையும் அங்கே அதிகம். காலையும் மாலையும் சாப்பிட்டவுடன் முழுசாக விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்த வேண்டும், இப்படிப் பல சுற்று.

"அப்ப விலாசம் தெரிஞ்சுதான் போவுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஓரளவுக்குதாம்மா. வழியில வேற வூட்டுக் கதவையும் தட்டும். உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, வாய் இதுல எது மாறினாலும் உடனே சொல்லணும்."

தலையாட்டினேன். முதல் பாதி மட்டும் மனதில் நின்றது. மாத்திரை எனக்குக் கிடைத்த காவல்காரன் மாதிரி இருந்தது. அதை ஒரு வேளை தவறவிட்டாலும் நோய் உள்ளே கால் ஊன்றிவிடும் என்று பயந்தேன். ஓய்வு வாரங்களில் எரிந்து எரிந்து விழுந்தேன். சேகர் தோட்டத்துப் பக்கமே இருந்துகொண்டார்.

அப்போது முந்திரிக் காலம். கொட்டையின் ஓட்டில் ஒரு பால் உண்டு. பட்டால் தோல் வெந்து கறுத்து உரியும். எங்கள் ஊரில் கொட்டை உடைக்கிற எந்தப் பெண்ணின் கையையும் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். நானும் சும்மா இருக்க மாட்டாமல் கொஞ்சம் கொஞ்சம் உடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை சிவந்து எரிந்தபோது விளக்கெண்ணெய் தடவினேன். தோல் உரிந்தபோது இன்னும் கொஞ்சம் தடவினேன். ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழவில்லை. கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "முந்திரிக் கைதானக்கா, தொடச்சிட்டு வைங்க" என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

அடுத்த சுற்றுக்குப் போனபோது டாக்டரம்மாவே கேட்டார், கை ஏன் இப்படி என்று.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தாங்க. கொட்ட ஒடைக்கிற கை."

கறைக்கு அடியில் இருந்த சிவப்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. உடைப்பதை நிறுத்துங்கள், மறுபடி பார்க்கிறேன் என்றார். சரி என்று வந்து, பாதி நிறுத்தினேன்.

ஒரு காலை நான் பாதத்தின் ஓரத்தை ஊன்றி ஊன்றி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சேகர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடி இப்படி நடக்குற? காலக் காட்டு."

காட்டினேன். உள்ளங்கால் முழுக்கச் சிவந்து, குதிகாலில் கொப்புளம் கட்டியிருந்தது.

"இதுவும் முந்திரியா? கால்லயாடி கொட்ட ஒடைக்கிற?"

அன்றே பெரம்பலூர் போனோம்.

இதற்குக் கை-கால் தோல் பாதிப்பு (மருந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, உரிவது) என்று பெயர். டாக்டரம்மா என் காலைப் பார்த்ததும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

"நிறுத்தினா அது திரும்பிடுமேங்க!" கத்திவிட்டேன்.

"தோல் ஆறினதும் அளவைக் கொறச்சு ஆரம்பிப்போம். இப்ப விடாம சாப்பிட்டீங்கன்னா அப்புறம் மொத்தமா நிறுத்த வேண்டி வரும். நிறுத்தறதும் வைத்தியம்தாம்மா."

அந்த ஓய்வு நாட்களைப் போல மோசமானவை வேறு இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால்கூட அவ்வளவு பயப்படவில்லை. நடக்கவும் கூடாது, கொட்டையைத் தொடவும் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து என் வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தேன். லேசாக இரைந்தால்கூட அது வளர்கிறது என்று தோன்றியது.

ஒரு நாள் இட்லி சாப்பிட்ட கையோடு மாத்திரைப் பட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினேன். சேகர் பார்த்துவிட்டார்.

"என்ன பண்ற?"

"ஒண்ணே ஒண்ணுங்க."

"டாக்டரம்மா வேணாம்னாங்கல்ல?"

"அவங்களுக்கென்ன? வயிறு என்னோடதுல்ல?"

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் டாக்டரம்மா கொடுத்த களிம்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் பயமாத்தாண்டி இருக்கு. நீ பாட்டுக்கு முழுங்கி, காலு மொத்தமா போயி, அவங்க இனிமே மாத்திரையே கெடையாதுன்னுட்டா நான் எங்க போவேன்?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். மாத்திரையை அவரிடமே கொடுத்தேன். அன்றிலிருந்து பட்டை அவர் பொறுப்பில் இருந்தது.

தோல் ஆறியது. அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார்கள். சிவப்பு திரும்ப வந்தது, ஆனால் தாங்கும்படி இருந்தது. இந்த முறை சின்ன எரிச்சலையும் போன் போட்டுச் சொன்னேன். கொட்டையைத் தொடவே இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், தயவுசெய்து தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். எரிந்தால் உங்கள் தொழில் மேல் பழி போடாதீர்கள். சொன்னால் நிறுத்திவிடுவார்களே என்று மறைக்கவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் கடைசிச் சுற்று முடிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கோ காவலைக் கலைத்துவிட்டார்கள் என்ற உதறல். காலையில் சாப்பிட்டு முடித்ததும் கை தானாக மாத்திரைக்குச் சேகர் பக்கம் நீண்டு, வெறுமனே திரும்பும். காலில் புதுத் தோல் வளர்ந்திருந்தது. தரையின் ஈரம், மணல், ஒரு சோற்றுப் பருக்கை, எல்லாம் தெரிகிறது. அந்தத் தோலுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மற்றபடி நான் ஐம்பதை நெருங்குகிறவள். முன்பெல்லாம் முந்திரி பூத்தால் ஒரு வருடம் போயிற்று என்று அர்த்தம். இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைக்கும்தான் நாள் ஓடுகிறது.

போன மாதம் ஸ்கேன் பார்த்தார்கள். இப்போதைக்கு எதுவும் இல்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அரியலூரில் சிதம்பரம் பஸ்ஸில் ஏறியது ஞாபகமிருக்கிறது. கண் விழித்தபோது பஸ் மீன்சுருட்டியில் நின்றுகொண்டிருந்தது. இறங்க வேண்டிய ஜெயங்கொண்டம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"ஏங்க, எழுப்பக் கூடாதா?"

"நல்லாத் தூங்கிட்டிருந்த. மனசு வரல."

இறங்கி, வந்த வழியே திரும்ப வேண்டும். பஸ் வரவில்லை. ஒரு மனுஷனுக்கு இறங்குகிற ஊர் தெரியாதா, மூன்று மாதத்தில் ஒரு பொழுதை இப்படித் தொலைக்கலாமா என்று பஸ் நிறுத்தத்தில் திட்டத் தொடங்கினேன். பஸ்ஸில் திட்டினேன். ஜெயங்கொண்டத்தில் மாறி ஏறிய பிறகும் திட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தார். அவ்வளவு நேரமும் நான் நோயை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது.