மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆள்

சௌந்தரம் சாரின் மருமகன் என் இடத்தைப் பறிக்கத்தான் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வருகிறார் என்று நான் முழு மனதோடு நம்பினேன். அப்போது எனக்கு முப்பது வயது. புத்தி வரவேண்டிய வயதுதான். என் விஷயத்தில் வண்டி லேட்.

போன வாரம்தான் அந்த மடத்தனம் மறுபடி ஞாபகம் வந்தது. குளிர்சாதன மின்சார ரயிலில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் ஒரு சாண் இடம் தெரிந்தது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க என்றேன். காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "இது மூணு பேர் சீட், அங்கிள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

இந்த 'அட்ஜஸ்ட்'டை வெள்ளைக்காரன் எதற்கு வைத்திருந்தானோ, ஏதாவது திருகாணியைத் திருப்புவதற்காக இருக்கும். நம் பக்கம் வந்ததும் ஊரையே அதன் தலையில் ஏற்றிவிட்டோம். சேலையூரில் என் வீட்டுக்காரர், குழாயில் தண்ணீர் வராத நாளில் அதைச் சொல்வார். இடுப்பில் இறுகும் பேன்ட்டை நீட்டினால் தையற்காரரும் அதையேதான். மெஸ்ஸில் உப்பில்லாத சாம்பாருக்கும் அது, என் ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று மேலதிகாரி கேட்டாலும் அது. ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக ஓட்டுநரின் மடியில் பாதி உட்கார்ந்தபோதும் அவர் சொன்னது அதைத்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் விசாரித்தது சம்பளத்தை அல்ல, "பையன் அட்ஜஸ்ட் பண்ணிப் போவாரா?" என்று. இத்தனை அர்த்தத்திலும் ஒன்று மட்டும் மாறியதே இல்லை. சொல்பவர் வேறு யாராவது, செய்பவன் நான்.

அதன் முழு அர்த்தத்தையும் படித்த இடம், தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் போகும் காலை எட்டேகால் வண்டி. மூன்று பேர் பெஞ்சில் நாங்கள் நாலு பேர். ஜன்னலோரம் சௌந்தரம் சார். துறைமுகப் பக்கம் ஏதோ அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அடுத்து டேவிட் அண்ணன், மருந்துக் கிடங்கில் வேலை. மூன்றாவது பாஸ்கர், என் வயதுக்காரன். நாலாவதாக, விளிம்பில், நான். என் உடம்பில் ஒரு பாதி கடற்கரை வரை உட்கார்ந்து போனது, மறுபாதி நின்றுகொண்டே போனது. ஒருவர் ஓய்வு பெற்றால் மற்றவர்கள் ஜன்னல் பக்கமாக ஓர் இடம் நகர்வோம். எழுதாத சட்டம். முதலில் வருபவர் ஜன்னல் கம்பி வழியாகக் கைக்குட்டையைப் போட்டால், அது எங்கள் பெஞ்ச். ஆறு வருஷம் விளிம்பில் தொங்கியபடி, சௌந்தரம் சாரின் ஓய்வு நாளை அவரைவிட ஆவலாக எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மாம்பலம் தாண்டும்போது அவர் சொன்னார், "நாளைக்கு எங்க மாப்பிள்ளையும் வர்றார். அவருக்கும் ஓர் இடம் பாத்துக்குங்கப்பா."

மாமனார் எழுந்திருக்கும்போதே மருமகனை உட்கார வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறார். இன்னும் ஆறு வருஷம் விளிம்பா? மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பிளாட்பாரத்தில் நின்றேன். முதலில் நம் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் எழுப்ப முடியும்? வண்டி உள்ளே வந்தது. பாக்கெட்டில் கை விட்டால் கைக்குட்டை இல்லை. அவசரத்தில் வீட்டிலேயே விட்டிருக்கிறேன். வண்டி நிற்பதற்குள் வாசலில் தொற்றி, கையில் இருந்ததை எங்கள் பெஞ்சைப் பார்த்து எறிந்தேன்.

கையில் இருந்தது சாப்பாட்டுப் பை.

டிபன் டப்பா மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். வத்தக்குழம்பு மூன்றாவது இடத்தில் விழுந்து, நடு இடத்தைத் தாண்டி, ஜன்னலோரம் வரை ஓடிப் போய் நின்றது. பின்னாலேயே சௌந்தரம் சார் மருமகனோடு ஏறினார். அலுவலகத்தில் பிரிவு விழா என்பதால் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், புது மடிப்பு.

"இன்னாபா, சீட்டுக்கே சோறு ஊட்டிகினு கீற?" என்றார் டேவிட் அண்ணன்.

"விடு மச்சான், இனிமே உன் இடத்தை ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றான் பாஸ்கர்.

சௌந்தரம் சார் தன் ஜன்னலோரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேலே தொங்கிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "பரவால்லப்பா. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அதற்குள் மற்ற பெஞ்சுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. மருமகன் தன் செய்தித்தாளைக் கிழித்துப் பெஞ்சைத் துடைக்கக் குனிந்தார். நல்ல மனிதர், அது இன்னும் குத்தியது. நானும் பக்கத்தில் குனிந்து, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல, இனிமேல் தினமும் இந்த வண்டிதானா என்றேன்.

"இல்ல சார், எனக்கு வேலை ஓரகடத்துல. படப்பை பஸ்ல போறவன். மாமாவுக்கு இன்னிக்கு ஆபீஸ்ல குடுக்கிற மாலை, சாமானை எல்லாம் தூக்கிட்டு வர லீவு போட்டேன்."

ஓரகடம் கடற்கரைக்கு நேர் எதிர்த் திசை.

திங்கட்கிழமை மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் போட்டிக்கு வரவில்லை. பிறகு டேவிட் அண்ணன் ஓய்வு பெற்றார், பாஸ்கர் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்துப் பேருந்துக்கு மாறினான், ஜன்னலோரமும் எனக்கே வந்தது. இப்போது அந்தப் பெஞ்சும் இல்லை, கைக்குட்டை போட ஆளும் இல்லை, திறக்கிற ஜன்னலும் இல்லை.

அந்த ஜன்னலோரத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து போன சௌந்தரம் சார், கடைசி நாளில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை நின்றுகொண்டே போனார்.