கண்ணாடிக் குழாய்க் கன்றுகள்

யூஜினியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். காலேஜில் உனக்கு என்ன வேலை? எலுமிச்சையைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்கிறேன் என்று அவளும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். வந்தவர்கள் பலகாரத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பதில்தான் வரவில்லை. தாயில்லாத பெண்ணை இப்படிப் பேசவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் அவள் அப்பா சூசைமரியானைக் கரித்துக்கொட்டினார்கள். அவருக்கோ மாப்பிள்ளை வராத கவலையைவிட மரம் பட்டுப்போகிற கவலை பெரிதாக இருந்தது. அந்தக் கவலையில் அப்பனும் மகளும் ஒரு கட்சி.

கல்லலுக்குப் பக்கத்தில் சூசைமரியானுக்கு ஒரு கிணறும், அதைச் சுற்றி ஓர் எலுமிச்சைத் தோப்பும் இருந்தன. அந்த எலுமிச்சைக்கு விதை கிடையாது. நறுக்கினால் சுளையும் சாறும்தான். காரைக்குடியில் கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் ஊறுகாய்க்கு அந்தப் பழத்தைத்தான் கேட்டு ஆளனுப்புவார்கள். விதையில்லாத மரத்தைப் பெருக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி பதியம். கிளையை வளைத்து மண்ணில் புதைப்பது, வேர் விட்டதும் வெட்டி வேறிடத்தில் நடுவது. சூசைமரியானின் அப்பா காலத்திலிருந்து தோப்பு முழுக்க அப்படி வந்ததுதான். அதுவே வினையாக முடிந்தது. ஒரு மரத்துக்குள் இருந்த நோய் பதியத்தோடு பதியமாக எல்லா மரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அறுபதுகளின் கடைசியில் இலை வெளுத்து, கொப்பு நுனியிலிருந்து காய்ந்து, மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாகத் தொடங்கின.

யூஜினியா அப்போது காரைக்குடியில் ஒரு கல்லூரியில், தாவரவியல் துறையில், செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தாள். துறைத் தலைவர் பூமிநாதன் நல்ல மனுஷர். அவள் கொண்டுவந்த இலையைப் பார்த்துவிட்டு, இது வைரஸ், இதற்கு மருந்தே இல்லை என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அவள் முகம் செத்துப்போனதைக் கண்டு மனசு கேட்காமல் இன்னொன்றும் சொன்னார். விதையில்லாத காயாக இருந்தாலும், பிஞ்சிலே விதையாகப் போகிற சூல் இருக்கும். அதற்குள் இருக்கிற சதை தாய் மரத்தின் சதையேதான், ஆனால் வைரஸ் அதற்குள் நுழைவதில்லை. அதை எடுத்துச் சர்க்கரையும் உப்புகளும் இளநீரும் கலந்த பாகில் வைத்தால் முளைக்க வாய்ப்புண்டு. வெளிநாட்டில் முளைக்க வைத்திருக்கிறார்கள். அதே மரம், நோயில்லாமல். யூஜினியாவுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

வெளிநாட்டில் அதற்கென்று அறையும் குளிர்சாதனமும் இருந்திருக்கும். இங்கே உடைந்த நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஒரு மூலை கொடுத்தார்கள். மரப்பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடி போட்டு, கை நுழைய இரண்டு ஓட்டை வைத்து, உள்ளே ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக்கொண்டு அவள் சூலை எடுத்தாள். கிருமி சாகக் குழாய்களை அவிக்க அவளுடைய பிரஷர் குக்கர். அம்மா சாகும் முன்பு மகளுக்குச் சீர் என்று வாங்கி வைத்தது. அதில் ஒரு நாளும் சோறு வெந்ததில்லை.

பூசணம்தான் முதல் எதிரி. காலையில் வந்து பார்த்தால் குழாய்க்குள் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருக்கும். மின்வெட்டுக் காலத்தில் அறை வெந்து பாகு இளகிவிடும். ஒரு ஆயுத பூஜைக்கு அட்டெண்டர் சின்னக்கருப்பு பக்தி மேலிட்டு, பெட்டிக்குள் கைவிட்டு, குழாய்களை அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கி, ஒவ்வொன்றின் வாய்க்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். வாத்தியாரம்மா வேலை ஜெயிக்கட்டும் என்றுதான் வைத்தார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? அழுதுகொண்டே எல்லாவற்றையும் கழுவினாள்.

பிஞ்சைக் கொண்டுவருவது அப்பாவின் வேலை. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். கல்லூரி வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்து, அவள் வகுப்பு முடிந்து வரும்வரை மூட்டையைத் தரையில் வைக்க மாட்டார். ஊரில் கேட்டால், என் மரம் காலேஜில் படிக்குது என்பார். கேலி செய்தவர்களுக்கும் அதற்குமேல் கேலி செய்ய ஒன்றும் இருக்காது.

அவர் பிஞ்சு பறித்த மரங்களோ ஒவ்வொன்றாக விறகாயின. கடைசியில் கிணற்றுக்குத் தெற்கே நின்ற பெரிய மரம் ஒன்றுதான் மிஞ்சியது. நோய் அதற்குள்ளும் இருந்தது, முற்றிய மரம் என்பதால் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மரத்தின் பிஞ்சிலிருந்து, பல வருஷத் தோல்விக்குப் பிறகு, குழாய்க்குள் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. புள்ளி இலையாயிற்று. யூஜினியா அன்று மாதாகோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று பயம்.

குழாய்க்குள் ராஜாவாக இருந்த கன்று வெளிக்காற்று பட்டதும் துவண்டது. முதல் ஈடு அப்படியே போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில், கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்து மூடி, தினமும் சற்று நேரம் திறந்து வைத்துப் பழக்கி, ஏழெட்டுக் கன்றுகளைத் தொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டாள். கன்றெல்லாம் முள். முள் குறைந்த மரத்துக்கு இப்படியா பிள்ளை பிறக்கும் என்று சூசைமரியான் திகைத்தார். சிறு வயதில் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்றாள். பெண் பிள்ளைக்கு முள் இருப்பது நல்லதுதான் என்று அவர் சமாதானமானார்.

அந்த வருஷம் பூமிநாதன் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவருக்கு மூலையறை வேண்டியிருந்தது. பெட்டி வெளியே வந்தது, குக்கர் அவள் குடியிருந்த அறைக்குத் திரும்பியது. ஏப்ரலில் கல்லூரித் தண்ணீர்த் தொட்டியும் வற்றியது. அவளுக்கோ ஊர் ஊராகத் தேர்வு வேலை. வேறு வழியில்லாமல் கன்றுகளை அப்பாவிடம் ஒப்படைத்தாள். ஒப்படைக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அசுவினிப் பூச்சி நோயுள்ள மரத்தில் உறிஞ்சிவிட்டு வந்து கன்றில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் பாழ். பெரிய மரத்தை வெட்டி எரித்துவிட்டுத்தான் கன்றைத் தோப்புக்குள் கொண்டுபோக வேண்டும். அவர் மாதா மேல் சத்தியம் செய்து வாங்கிக்கொண்டார். வாக்குத் தவறுகிற மனுஷர் இல்லை.

மே கடைசியில் அவள் தோப்புக்கு வந்தபோது பெரிய மரம் நின்றது. அதன் அடியில், நிழலில், தொட்டிகள் வரிசையாக இருந்தன. கன்றுகள் தளதளவென்று புதுத் தளிர் விட்டிருந்தன. சூசைமரியான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“மரம் காஞ்சபொறகு வெட்டலாம்னுதான் இருந்தேன் தாயி. தென்னங்கீத்துப் பந்தல் போட்டு அங்குட்டுக் கிணத்தடியிலதான் கன்னுகள வச்சேன். கோடைக் காத்துல பந்தல் பறந்துபோச்சு. ஒரே வெயிலு, கன்னு தலயத் தொங்கப் போட்டுருச்சு. தோப்புல இந்த ஒரு நெழலுதான மிச்சம்? பெத்தவ மடியில வச்சேன். பாரு, எப்புடி எந்திரிச்சு நிக்கிதுகன்னு.”

அவள் குனிந்தாள். தளிர் நுனியில் கறுப்பாக அசுவினி அப்பியிருந்தது. ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். நரம்பில் அங்கங்கே வெளுப்பு, கீறினாற்போல் சிறு சிறு கோடு. அடுத்த கன்றிலும் இருந்தது. கடைசிக் கன்றிலும் இருந்தது. கிள்ளிய இலையை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். நிழலில்லாமல் வைத்திருந்தால் வெயிலில் செத்திருக்கும். நிழலில் வைத்ததால் இனி மெல்லச் சாகும். இந்த மனுஷன்மேல் எந்தக் குற்றத்தைச் சொல்வது?

“நல்லாருக்கா?” என்று கேட்டார்.

“நல்லாருக்குப்பா.”

“அப்ப இனிமே கன்னு தாங்கிக்கிரும். நாளைக்கிக் காலையில பெரிய மரத்த வெட்டிப்புடுறேன். ஒனக்குச் சொன்ன சொல்லு.”

நோயில்லாத சூலுக்கு இனி அந்த மரம் ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால், கன்றுக்குக் குழந்தைபோல் தண்ணீர் தெளித்த கையைத் தானே பார்த்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிப்பார். “சரிப்பா” என்றாள்.

மறுநாள் சூசைமரியான் சிலுவை போட்டுக்கொண்டு கோடரியை எடுத்தார். மரம் உள்ளே பாதி உளுத்திருந்தது, ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. விழுந்த கொப்புகளுக்குள் புகுந்து துழாவி, எப்படியோ மிஞ்சியிருந்த நாலைந்து பிஞ்சுகளைப் பறித்துக்கொண்டு வந்தார். கிணற்றுத் தண்ணீரில் துண்டை நனைத்து, பழையபடியே சுற்றி, மகள் கையில் கொடுத்தார்.

“இதையும் குழாயில வச்சிரு. எதுக்கும் கெடக்கட்டும்.”

அவள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு காரைக்குடிக்கு வந்தாள். அறைக்குள் பிஞ்சை நறுக்கினாள். சூல்கள் வெள்ளையாக, ஈரமாக, ஒரு குறையுமில்லாமல் இருந்தன. பெட்டியில்லை, பாகில்லை, வைக்க ஒரு மூலையில்லை. அவை பழுப்பேறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து குக்கரைக் கழுவி, அதில் முதல்முறையாக அரிசி போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது சூசைமரியான் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிஞ்செல்லாம் குழாய்க்குள் போய்விட்டதா என்று கேட்டார். போயிருச்சுப்பா என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தொட்டிக்கு ஊற்றப் போனார்.