டீச்சர் வீட்டு மோட்டாரும் என் கிதாரும்

கும்பகோணத்து மெல்லிசைக் குழு மாஸ்டர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேசட். "எலக்ட்ரிக் கிதார்ல ஒரு கிழியிற சத்தம் வருமே, அதுல ரெண்டு நிமிஷம் வாசிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அவரிடம் வாசித்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். ஆடி மாதக் கச்சேரிகள் வரிசையாக நின்றன. ரைஸ்மில்லில் இரண்டாம் ஷிப்டு ஃபிட்டராக இருந்த எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அவ்வளவு ஆசை அதற்கு முன்னால் எதன்மேலும் எனக்கு வந்ததில்லை.

ஆனால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெளிவில்லை. அதிராம்பட்டினத்து ஃபாரின் சாமான் கடையில் வாங்கிய ஒரு கேசட்டில்தான் கேட்டிருந்தேன். அது நகலுக்கு நகல். அதில் கிழிவது கிதாரா, தேய்ந்துபோன நாடாவா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. எதைப் பார்த்து எழுதுகிறோம் என்று தெரியாமல் காப்பியடிப்பவன் கதைதான்.

கிதார் செகண்ட் ஹாண்டு. ஆம்ப்ளிஃபயர் வாங்க வக்கில்லை. வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. அதன் பின்புறம் இசைத்தட்டுப் பெட்டியை மாட்டும் ஓட்டையில் கிதார் ஒயரைச் சொருகி, சத்தத்தை முழுசாகத் திருகினேன். ரேடியோ உறுமியது. கோணிச்சாக்கைக் கைகளால் பிடித்து இழுத்துக் கிழிக்கிற மாதிரி ஒரு குரல். இதுதான், இதேதான் என்று எதிரில் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால், கிழிசலுக்கு அடியில் விடாமல் "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல்.

கிதாரில் இருக்கிற காந்தம் கம்பியின் அதிர்வை மட்டுமா இழுக்கிறது? சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் பம்புசெட் மோட்டாரின் கரண்டையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. மேட்டூர் திறக்காத வருஷம். இலவசக் கரண்டு வந்த புதுசு. குறுவை நாற்றங்காலுக்கு எல்லோரும் மோட்டாரைத்தான் நம்பியிருந்தார்கள். மும்முனைக் கரண்டு காலையில் வந்து, நான் மில்லுக்குக் கிளம்பும் நேரத்தில் போகும். மில் முடிந்து நான் திரும்பும்போது தெருவே தூங்கியிருக்கும். எனக்குக் காலையை விட்டால் வேறு பொழுது இல்லை.

போய் மோட்டாரைப் பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னால் ஆயிற்று. சொல்ல முடியாததற்குக் காரணம், அந்த மோட்டார் பக்கத்து வீட்டு டீச்சருடையது. டீச்சரின் அப்பாவிடம்தான் எங்கள் அப்பா முதலில் பண்ணையாளாகவும் அப்புறம் குத்தகைக்காரராகவும் இருந்தார். அவர்கள் வீட்டில் மற்றவர்கள் பட்டணம் போய்விட, ஊரில் மிஞ்சியது டீச்சரும், மூணு மா ஒரு ஏக்கர் என்ற கணக்கில் எங்கள் கொல்லையை ஒட்டிய ஒரு மா நிலமும். அது குத்தகையில் சேர்ந்ததா இல்லையா என்று திருவிடைமருதூர் கோர்ட்டில் ஆறு வருஷமாகத் தாவா. "கோர்ட்டுக்குப் போனவன்ல ஜெயிச்சவன் தோத்தவன், தோத்தவன் செத்தவன்" என்று அப்பாவே சொல்வார். சொல்லிவிட்டு வாய்தாவுக்கு முதல் பஸ்ஸில் கிளம்புவார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் போய் டீச்சர் வாசலில் நின்றேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"வாங்க. என்ன விஷயம், சொல்லுங்க."

"ஒரு பத்து நிமிஷம் மோட்டாரை நிறுத்தினா நல்லாருக்கும் டீச்சர். பாட்டு பதிவு பண்றேன்."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுவா அந்தச் சத்தம்? ரேடியோ ரிப்பேர்னுல்ல நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "நிறுத்துறதுல ஒண்ணுமில்லை. ஆனா நீங்க சொல்லி நான் தண்ணியை நிறுத்தினேன்னு நாளைக்குக் கோர்ட்ல வந்தா? நிலம் யார் அனுபவத்துல இருக்குங்கிறதே யார் தண்ணி பாய்ச்சுறாங்கங்கிறதை வச்சுத்தானே?"

எனக்கு அது தோன்றவே இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தால் அப்பா காத்திருந்தார்.

"அங்க எதுக்குடா போன?"

"மோட்டாரை நிறுத்தச் சொல்லி கேட்டேம்ப்பா."

"கேட்டியா? நீ போய்க் கேட்டா அந்தத் தண்ணி அவங்களுதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சே. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு நின்னா எப்படிடா?"

நிறுத்தினால் எங்கள் பாத்தியத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று டீச்சர் பயப்படுகிறார். நிறுத்தக் கேட்டால் அவர்கள் பாத்தியத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று அப்பா பயப்படுகிறார். ஒரே பத்து நிமிஷம் எப்படி இரண்டு பேருக்கும் எதிராக இருக்க முடியும் என்று நான் மில்லில் பெல்ட்டு மாட்டும்போதும் யோசித்தேன். பெல்ட்டைத் தலைகீழாக மாட்டியதுதான் மிச்சம்.

புதன்கிழமை டீச்சரே வேலியோரம் வந்து, என்னைப் பார்க்காமல் பூவரச மரத்தைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு மோட்டார் பைப்போட அடியில இருக்கிற ஃபுட்வால்வு கழுவணும். மோட்டார் நிக்கும். யாருக்காகவும் இல்லை."

அப்பாவிடம் சொன்னேன். "அது தானா நின்னா நிக்கட்டும். காத்து நிக்கிறதில்லையா" என்றார்.

வியாழக்கிழமை ஒன்பது மணி. மோட்டார் நின்றது. முனகல் சுத்தமாகப் போய்விட்டது. டேப்பை அழுத்திவிட்டுக் கம்பியை மீட்டினேன்.

கிழியவில்லை. கோயில் மணி மாதிரி சுத்தமாக, வழவழவென்று வந்தது. திருகுகிற குமிழையெல்லாம் திருகினேன். ரேடியோவைத் தட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என்னையே திட்டிக்கொண்டு கம்பியை மாற்றிக் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் தலைக்குமேல் பல்பைப் பார்த்தேன். எப்போதும் காலையில் சிவப்பாக அழுதுகொண்டிருக்கும் பல்பு வெள்ளையாகச் சிரித்தது. மோட்டார் ஓடினால் எங்கள் வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கிவிடும். அரைப்பட்டினி கிடந்த ரேடியோ, கிதாரின் சத்தத்தைத் தாங்க முடியாமல் இத்தனை நாள் கிழித்துக் கொடுத்திருக்கிறது. இப்போது அதற்கு வயிறு நிறைந்துவிட்டது.

முனகலும் கிழிசலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றை வேண்டாம் என்றால் மற்றது வீட்டைவிட்டுப் போகிறது. நான் ஓடிப்போய் வேலியோரம் நின்றேன். டீச்சர் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஆள் ஃபுட்வால்வு கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மோட்டாரைப் போட்டுடுங்க."

"முந்தாநாள் நிறுத்தச் சொன்னீங்க."

"ஆமாங்க."

"இப்ப போடச் சொல்றீங்க."

"ஆமாங்க."

"உண்மையச் சொல்லுங்க, உங்க வக்கீல் என்ன சொல்லிக் குடுத்தாரு?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல். "டேய், போடச் சொன்னா அது அதைவிட மோசம்டா."

வோல்டேஜைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பல்பு சிவப்பானால்தான் பாட்டு நன்றாக வரும் என்று நான் சொன்னதை டீச்சர் முகம் மாறாமல் கேட்டார். அப்பா பல்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருவரும் முதல்முறையாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதில்.

ஃபுட்வால்வு கழுவி முடிந்ததும் மோட்டார் தானாகப் போடப்பட்டது. யாருக்காகவும் இல்லை. பல்பு சிவந்தது. அடியில் முனகலோடு, மேலே கிழிசலோடு, வேறு வழியில்லாமல் இரண்டு நிமிஷம் வாசித்தேன். அந்த முனகலுக்கு எதிரே என் கம்பிகள் அபஸ்வரமாக ஒலித்ததால், அதன் சுருதிக்கே எல்லாக் கம்பியையும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய்க் கேசட்டைக் கொடுத்தேன்.

மாஸ்டர் கண்ணை மூடி முழுசாகக் கேட்டார். நாடாவைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை கேட்டார்.

"வாசிப்பு பரவாயில்லை. ஆனா கீழ ஒண்ணு விடாம நிக்குதே, தம்பூரா போட்ட மாதிரி. அதுதான் விசேஷம். அதை எப்படிப் பண்ணுனீங்க?"

சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? மோட்டாரிலிருந்தா, ஒரு மா நிலத்திலிருந்தா?

"அது ஒரு செட்டப்புங்க" என்றேன்.

"ஆடி மூணாம் வெள்ளி மேடை. வந்துடுங்க. அதையும் கொண்டாந்துடணும், அது இல்லாம சரிப்படாது."

"கொண்டாந்துடுறேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்த பிறகுதான், சந்தோஷப்படுவதா, எதைக் கொண்டுபோவது என்று கவலைப்படுவதா என்று தெரியாமல், போகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.