கருப்பாயி மூட்டிய நெருப்பு

பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் புல்வெட்டும் கருப்பாயிக்கு, ஒரு வேலையை யாராவது கோணலாகச் செய்தால் உடம்பெல்லாம் எரியும். கப்பலேறி வந்த மறுவருஷமே காய்ச்சலில் புருஷன் போய்விட்டான். அதன்பின் விறகு, தண்ணீர், சண்டை எல்லாம் அவள் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டாள்.

அந்த மார்கழி மழையில் ஆறு பெருகித் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் புகுந்தது. சனங்கள் ரப்பர் மரங்கள் நின்ற மேட்டுக்கு ஓடினார்கள். பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத சந்திரமதியைப் புருஷன் அய்யாவு தூக்கி வந்தான். மழை விட்டது; குளிர் விடவில்லை. தாயும் பிள்ளையும் வெடவெடவென்று நடுங்கினார்கள்.

கருப்பாயி மெழுகுத்தாளில் சுற்றிக் கொண்டைக்குள் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். பட்டுப்போன கிளைகளில், மரத்துக் கோப்பைகளில் உறைந்து கிடந்த ரப்பர்க் கட்டிப்பாலைத் திணித்து மூட்டினாள். நெருப்பு பிடித்ததுதான் தாமதம், ஆம்பளைகள் சுற்றி நின்று கையை நீட்டினார்கள். அய்யாவு கிளைகளை ஆளுயரத்துக்கு அடுக்கினான். சுவாலை வானத்துக்கு எழும்பியது. கீழே உட்கார்ந்திருந்த சந்திரமதிக்குப் புகைதான் வந்தது.

"ஏன்டா, மேகத்துக்கா குளிர் காயப் போடுற? குறைடா! கங்கு பிடிக்கட்டும்!"

"பெருசா எரிஞ்சாத்தானே அக்கா சூடு வரும்?"

"உன் முதுகுக்குப் பின்னாடி எப்படிடா வரும்? நீ சுவராட்டம் நிக்கிற, அவ உன் நிழல்ல கிடக்கிறா! நெருப்பு உன்னைச் சுத்தியா வளைஞ்சு போகும்?"

கருப்பாயி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். காற்று போகும் திசையிலிருந்து சந்திரமதியைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினாள். வெள்ளத்தில் மிதந்து வந்த கூரைத் தகரத்தைத் துடைத்து அவள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள்.

"இது எதுக்கு?"

"முன்னாடி வேகுது, முதுகு விறைக்குது. தாண்டிப் போற சூட்டைத் தகரம் திருப்பி விடும். பேசாம பிடிலா!"

கிளைகள் சரிந்து கங்கு சிவந்தது. கொஞ்ச நேரத்தில் சந்திரமதியின் பல் அடிப்பது நின்றது. கருப்பாயி பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், சில்லிப்பு போயிருந்தது. அது வாயைத் திறந்து வீறிட்டது. அய்யாவு தகரத்தைப் பிடித்தபடியே அழுதான்.

"அழுதது போதும், தகரம் சாயுது பாரு!" என்று கருப்பாயி அதட்டினாள்.

அவள் சேலை இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. சந்திரமதி நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்களும் வாங்கக்கா."

"எனக்கென்ன..." என்று முனகிக்கொண்டே கருப்பாயி உட்கார்ந்து, விறைத்த கால்களைக் கங்கின் பக்கம் நீட்டினாள்.